பழைய படங்களையும் பிலிமையும் கடல் கடந்து அனுப்புமுன்: திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை வீடுகள் பலவற்றில் அலுமாரிக்கு மேலே ஒரு றங்குப்பெட்டியோ பிஸ்கட் ரின்னோ இருக்கும். அப்பப்பாவின் கலியாணப் படம், கடற்படை டொக்யார்டில் வேலைசெய்த காலத்துக் குழுப் படம், யாரோ ஒருவருடைய சாமத்தியவீட்டு அல்பம், சுருண்டுபோன பிலிம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். அவற்றைக் கேட்கிறவர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கிறார்கள். "அப்படியே ஒரு பெட்டியில போட்டு அனுப்பிவிடுங்கோ" என்று போனில் சொல்வார்கள். அப்படியே போடக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1983இலும் 1990இலும் வீட்டை விட்டு ஓடியபோது சேலைத் தலைப்புக்குள் சுற்றி எடுத்து வந்தவை சில. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது பரணில் இருந்ததால் தப்பியவை சில. இவ்வளவுக்கும் தப்பிய படம் ஒரு பார்சலில் கெட்டுப்போவது வயிற்றெரிச்சல்.

படத்தைக் கெடுப்பது அடிபடுவதைவிட ஈரம்தான். அந்த ஈரமும் வழியில் ஏறுவதைவிட, நாமே படத்தோடு சேர்த்துக் கட்டி, மேலே பொலித்தீனால் இறுக்கி மூடி அனுப்புவதுதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

கட்டுவதற்கு நாள் பார்த்தல்

எங்கள் பக்கத்தில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் அலுமாரிச் சேலைகூட ஈரவாடை அடிக்கும். அந்த மாதங்களில் படங்களைக் கட்டவேண்டாம். மே, ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது மண்ணும் மரமும் காய்ந்து கிடக்கும். அதுதான் சரியான காலம். அவசரம் என்றாலும் தை பிறந்து மழை விடும்வரையாவது பொறுக்கலாம்.

படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலற்றின். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பசை அது. காற்றில் ஈரம் கூடினால் அதை உறிஞ்சி ஊதும், ஒட்டும். ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேலே பல நாள் நின்றால் பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. ஈரப்பதன் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி அதிக விலையில்லை. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 50க்குக் கீழே காட்டினால் மிக நல்லது.

கட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே றங்குப்பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்கள். கஞ்சியும் நீலமும் போடாமல் தோய்த்துக் காயவைத்த வெள்ளை வேட்டியை மேசையில் விரித்து அதன்மேல் பரப்பி வையுங்கள். பான் மெதுவாகச் சுற்றட்டும், படத்தின்மேல் நேராக அடிக்கக்கூடாது. முற்றத்து வெயிலில் போடவே கூடாது. வடகத்துக்குச் சரியான வெயில் படத்தைச் சுருட்டி வெளிறவைத்துவிடும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் மாலையில் காற்று திரும்புமுன் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

பெட்டிக்குள் நப்தலீன் உருண்டை கிடந்தால் எடுத்து எறியுங்கள். அதன் ஆவி பிலிமுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் ஆகாது. வேப்பிலையும் வேண்டாம், அது காய்வதற்குள் தன் ஈரத்தைப் படத்துக்குக் கொடுத்துவிடும். புகையிலைத் துண்டு போடுகிற வழக்கமும் சில வீடுகளில் உண்டு, கறைதான் மிச்சம்.

அனுப்புமுன் ஒரு படி எடுங்கள்

படியெடுக்காத படத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. இந்த ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எவ்வளவு நல்ல கொரியராக இருந்தாலும் தொலைந்த படத்துக்கு அவர்கள் தரக்கூடியது காசு மட்டும்தான்.

ஸ்கானர் கிடைத்தால் படங்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், எடுங்கள். தீப்பெட்டியளவுச் சின்னப் படங்களை 1200இல். நெகட்டிவ் என்றால் அதற்கென்ற விளக்குள்ள ஸ்கானரில் 2400 அல்லது 3200 வேண்டும். ஸ்கானர் இல்லாவிட்டால் போன் போதும்: வெயில் நேராக விழாத யன்னல் பக்கம் மேசை போட்டு, பிளாஷை நிறுத்தி, போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, மங்கிய பேனா எழுத்து, அன்பளிப்பு வாசகம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

எடுத்ததை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டொக்கியுமென்ற் என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், அப்போதுதான் முழு அளவில் போகும். பென் ட்ரைவ் ஒன்றில் ஒரு படி, இணையச் சேமிப்பில் ஒரு படி.

கோயில் தேர், பள்ளிக்கூடக் குழு, பழைய கடைத்தெரு என்று ஊருக்குப் பொதுவான படங்கள் கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு, குடும்பத்தின் சம்மதத்தோடு, அவற்றின் படி ஒன்றைக் கொடுக்கலாம்.

பெயர் எழுதும் வேலை

கட்டுவது ஒருநாள் வேலை. இதற்குத்தான் நாள் வேண்டும். படம் கனடாவுக்குப் போய்விடும், ஆனால் அதில் இருப்பவர் யாரென்று சொல்லத் தெரிந்த பெரியம்மா இங்கேதான் இருக்கிறார். அங்கே போன பிறகு வீடியோ அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கண் மங்கியவருக்குப் போன் திரையில் படத்தைக் காட்டி ஆள் அடையாளம் கேட்பது நடக்கிற காரியமில்லை. படத்தைக் கையில் கொடுத்தால்தான் பேச்சு வரும்.

காலையில், அவர் சாப்பிட்டு ஆறுதலாக இருக்கும் நேரம், யன்னல் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து படங்களுக்கு மேல் காட்டவேண்டாம். சம்மதித்தால் பேச்சைப் போனில் பதியுங்கள். "இது ஆர்?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயர்தான் வரும். "இது ஆற்ற கலியாணம்? ஆர் வரேல்ல?" என்று கேட்டுப் பாருங்கள், வராதவர்களின் கதை முழுக்க வந்துவிடும்.

கொப்பி ஒன்றில் படத்துக்கு ஒரு இலக்கம் போட்டு, இடமிருந்து வலமாகப் பெயர், முறை, ஊர், ஏறத்தாழ ஆண்டு எழுதுங்கள். முறை எழுதும்போது யாருக்கு என்ன முறை என்பதையும் எழுதவேண்டும். "சின்னையா" என்று மட்டும் எழுதினால் நாற்பது வருடம் கழித்து அதற்கு மூன்று பேர் பொருந்துவார்கள். பட்டப்பெயரை வெட்கப்படாமல் எழுதுங்கள். "சாம்பல்தீவு மாமா", "கடைக்கார அண்ணை" என்ற பெயரில்தான் ஆளைப் பலருக்குத் தெரியும்.

ஆண்டு தெரியாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மானோடு நிற்கும் படத்தில் இடம் தெரியும், காலம் தெரியாது. பிரித்தானியக் கடற்படை 1957இல் இங்கிருந்த தளத்தை விட்டுப்போனது. வெள்ளைச் சீருடைக்காரர்களோடு டொக்யார்ட் ஆட்கள் நிற்கும் படம் அதற்கு முந்தியது என்று ஓரளவு சொல்லலாம். படத்தின் ஓரம் பல்லுப்பல்லாக வெட்டியிருக்கிறதா, வெள்ளைக் கரை இருக்கிறதா என்பதையும் குறித்து வையுங்கள், பிறகு யாருக்காவது உதவும்.

இலக்கத்தைப் படத்தின் பின்னால் ஓரத்தில் 4பி போன்ற மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். போல் பொயின்ற் பேனா முன்பக்கம் மேடாகத் தள்ளும், மையும் பக்கத்துப் படத்தில் பிடிக்கும். எழுபதுகளுக்குப் பிறகு வந்த கலர்ப் படங்களின் பின்பக்கம் பிளாஸ்ரிக் பூசியது, அதில் பென்சில் ஏறாது. அவற்றுக்குச் சின்னக் காகித உறை செய்து, முதலில் உறையில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

அல்பத்தைப் பிரிப்பதா, விடுவதா

கறுப்புத் தாளில் மூலை ஒட்டிப் படம் செருகி, நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய தாள் வைத்த அல்பங்களை அப்படியே விடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று யாரோ யோசித்து வைத்த வரிசை அது. மெல்லிய தாள் கிழிந்துபோன பக்கங்களுக்கு வெள்ளைத் தாள் வெட்டி வையுங்கள். உதிர்ந்த படங்களை அதே பக்கத்து இலக்கம் எழுதிய உறையில் போடுங்கள்.

எண்பதுகளில் வீடு வீடாக வந்த ஒட்டுப் பக்க அல்பம் வேறு கதை. பக்கம் முழுக்கப் பசைக் கோடு, மேலே பிளாஸ்ரிக் தாள். காலப்போக்கில் அந்தப் பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும். வெயில் பட்ட வான் ஒன்றில் ஒருநாள் கிடந்தாலே பசை இளகிவிடும். முடிந்தால் இவற்றைக் கழற்றி அனுப்புவது நல்லது. கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்ரிக் தாளை மெதுவாகத் திறந்து, முதலில் முக்கியமில்லாத படமொன்றில் முயலுங்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் மூலைக்குக் கீழே செருகி, வாள் அறுப்பதுபோல இடமும் வலமுமாக மெல்ல இழுத்துக்கொண்டு வாருங்கள். நூல் பசையை அறுத்துக்கொண்டு போகும், படம் வளையாது. நூல் நின்றால் அங்கேயே நிறுத்தி மற்ற மூலையிலிருந்து தொடங்குங்கள். விரலால் மூலையைக் கிளப்பி இழுக்கவே கூடாது. படத்தின் முகத்தில் விழும் மடிப்பு பிறகு போகாது. ஹெயார் ட்ரையர் பிடித்துப் பசையை இளக்கலாம் என்று சொல்வார்கள், பழைய படங்களில் வேண்டாம். எந்தப் பக்கத்தாலும் நூல் போகவில்லையென்றால் அந்தப் பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்து அப்படியே அனுப்புங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன படங்களையும் பிரிக்கக்கூடாது. சுனாமியில் நனைந்து காய்ந்த கட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றை மற்றப் படங்களோடு சேர்க்காமல், தாளில் சுற்றித் தனியாக, ஒட்டியிருக்கும் நிலையிலேயே அனுப்புங்கள். படம் திருத்துவதைத் தொழிலாகப் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கட்டும்.

பூஞ்சணம் பிடித்தவற்றை முதலில் உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகு, வாசலுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத் துணியால் துடைத்தால் பூஞ்சணத்தோடு படமும் வந்துவிடும். கையால் வர்ணம் தீட்டிய படங்களை எதனாலும் துடைக்கவேண்டாம்.

சட்டகம் போட்ட படங்கள்

சுவாமி அறைக்குப் பக்கத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரியவர்களின் படங்களைச் சட்டகத்தோடு அனுப்பாதீர்கள். கண்ணாடி உடைந்தால் அந்தத் துண்டே படத்தைக் கீறும். பின் அட்டையின் ஆணிகளைக் கழற்றிப் படத்தை எடுக்கலாம்.

எடுக்குமுன் சட்டகத்தைச் சாய்த்து, வெளிச்சத்தில் கண்ணாடியைப் பக்கவாட்டாகப் பாருங்கள். சில இடங்கள் மட்டும் நனைந்ததுபோலக் கறுத்துப் பளபளத்தால் அந்த இடங்களில் படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் கழற்ற முயலவேண்டாம். கண்ணாடிக்கு மேலாலேயே நல்ல படியொன்று எடுத்துவிட்டு, அந்தப் படத்தை இங்கேயே வைத்திருப்பதுதான் என் விருப்பம். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மாஸ்கிங் ரேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, இரண்டு கனமான மட்டைக்கு நடுவே வைத்து, பெட்டிக்குள் படுக்கையாக இல்லாமல் நிமிர்த்தி வையுங்கள். ஸ்ரூடியோக்களின் பழைய கண்ணாடி நெகட்டிவ்களையும், ரேப் ஒட்டாமல், இப்படியே மட்டைக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள்.

பிலிம்: இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்

முதலில் மூன்றாகப் பிரியுங்கள்: கழுவிய நெகட்டிவும் சிலைட்டும் ஒரு பக்கம், சினி பிலிம் சுருள் ஒரு பக்கம், கமராவுக்குள்ளோ டப்பாவுக்குள்ளோ கழுவாமல் கிடக்கும் பிலிம் ஒரு பக்கம்.

கழுவாத பிலிம் கிடைத்தால் கமராவைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்த கணத்தோடு அது போய்விடும். பார்சல்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கழுவாத பிலிமில் புகை மூட்டம் போட்டுவிடும். அதனால் அதை யாராவது போகும்போது கைப்பையில் கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். கழுவிய நெகட்டிவுக்கும் தாளில் அடித்த படத்துக்கும் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. "எக்ஸ்ரேயில போனா படம் அழிஞ்சிடும்" என்ற பயம் இந்தக் கழுவாத பிலிமிலிருந்து வந்ததுதான்.

இனி ஆபத்தான விசயம். 1950களுக்கு முந்திய நெகட்டிவ்களில் சில நைட்ரேற் பிலிம். மிக வேகமாகத் தீப்பிடிக்கும். எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை அதுவே வெளிவிடுவதால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். கொடக் நிறுவனம் 1951இல் அதைச் செய்வதை நிறுத்தியது. பிலிம் ஓரத்தில் 'சேப்டி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது நைட்ரேற் இல்லை. வீட்டுக்காரர் எடுத்த 8 மில்லிமீற்றர், 16 மில்லிமீற்றர் சினி பிலிம்களும் இந்த வகையில் வருவதில்லை, பயப்படவேண்டாம். ஓரத்தில் எழுத்தில்லாத, பழுப்பேறி ஒட்டும் பழைய பெரிய நெகட்டிவ்கள் கிடைத்தால் அவற்றைத் தபாலிலோ விமானத்திலோ அனுப்பக்கூடாது. சர்வதேச விதிகளில் அது எரியும் பொருள். படியெடுத்து, தனியாகத் தாளுறையில் போட்டு, அடுப்படியிலிருந்தும் வெயில் படும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். பத்திக்கொள்ளுமா என்று பார்க்கத் துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வாசம். பிலிம் ரின்னைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தால் அது அசற்றேற் என்ற வகைப் பிலிம், சிதைய ஆரம்பித்துவிட்டது. வெளிவரும் அமிலம் அதே பிலிமை மேலும் வேகமாகச் சிதைக்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். எங்கள் சூட்டில் இது மிக வேகம். மணக்கிற சுருளை மற்றவற்றிலிருந்தும் படங்களிலிருந்தும் உடனே பிரித்து வேறு பார்சலில் வையுங்கள். மணக்கிறவற்றைத்தான் முதலில் ஸ்கானுக்குக் கொடுக்கவேண்டும். மணக்காதவை காத்திருக்கும்.

நெகட்டிவை ஓரத்தால் மட்டும் பிடியுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையின் ரேகை அதில் பதிந்தால் பதிந்ததுதான். வெட்டிய துண்டுகளை ஒன்றொன்றாக வெள்ளைத் தாள் உறையில் போடுங்கள். பழைய மென்மையான பிளாஸ்ரிக் உறை, விரலுக்குப் பிசுபிசுத்து, மழைக்கோட்டு மணம் அடித்தால் அது பிவிசி. அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வீடியோ கசற்றுகளை முழுதாக ஒரு பக்கத்துக்குச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி அடுக்குங்கள். பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றுக்கு இதற்கு மேல் இல்லை.

கட்டும் விதம்

வாங்கவேண்டியவை: பிரிஸ்டல் போட், எழுத்தில்லாத வெள்ளை ஏ4 தாள், சிப் வைத்த பொலித்தீன் பைகள், பபிள் தாள், சிலிக்கா ஜெல், அகலமான பழுப்பு ரேப், புதிய மட்டைப்பெட்டிகள் இரண்டு. ஒன்று மற்றதற்குள் எல்லாப் பக்கமும் நாலு விரல் இடைவெளியோடு அடங்கவேண்டும்.

வேண்டாதவை: பத்திரிகைத் தாள், றப்பர் பான்ட், ஸ்ரேப்ளர் கம்பி, கிளிப், சலோ ரேப். பத்திரிகைத் தாளின் மை ஏறும். றப்பர் இளகி ஒட்டும், அதிலுள்ள கந்தகம் படத்தைக் கறுப்பாக்கும். படங்களை லஞ்ச் சீட்டில் நேராகச் சுற்றுகிற பழக்கமும் இருக்கிறது. ஈரமிருந்தால் படத்தின் முகம் அதில் ஒட்டிக்கொள்ளும். படத்தைத் தொடுவது தாளாக இருக்கட்டும், பொலித்தீன் அதற்கு வெளியே.

ஒரே அளவுப் படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைத்து, இருபது முப்பது சேர்ந்ததும் மேலும் கீழும் பிரிஸ்டல் போட் வையுங்கள். அதற்கு வெளியே பெட்டி மட்டை இரண்டு, ஒன்றின் வரி நீளவாட்டிலும் மற்றதன் வரி குறுக்குவாட்டிலும் வரட்டும். அப்படி வைத்தால் எந்தப் பக்கமும் வளையாது. மட்டை படத்தைவிட ஒரு விரல் பெரிதாக இருக்கவேண்டும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டை வெள்ளைத் தாளில் சுற்றிச் சிப் பைக்குள் போட்டு, தாளுக்கு வெளியே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். பச்சை அரிசி போட்டாலும் ஈரம் உறிஞ்சும் என்பார்கள். தவிடும் வண்டும் சேர்ந்து போகும். வினாகிரி மணக்கும் பிலிமை மட்டும் இப்படிக் காற்றுப்புகாமல் அடைக்கவேண்டாம், தாளுறையில் விடுங்கள்.

இந்த மூடும் வேலையைக் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் செய்யுங்கள். பைக்குள் அடைபடுவது அந்த நேரத்துக் காற்று.

பிறகு பபிள் தாள், குமிழி வெளிப்பக்கம் பார்க்க. குமிழி உள்ளே பார்த்தால் பாரம் ஏறும்போது வட்ட வட்டமாக அடையாளம் விழும். சின்னப் பெட்டியில் அடுக்கி, இடைவெளியைக் கசக்கிய வெள்ளைத் தாளால் நிரப்புங்கள். அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவர ரெஜிபோம் துண்டுகளால் இறுக்குங்கள். தூக்கி ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. ஒரு பெட்டி ஐந்து கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். பாரம் கூடின பெட்டியைத்தான் ஆட்கள் தொப்பென்று போடுவார்கள்.

உள்ளேயும் ஒரு தாளில் இரண்டு பக்க முகவரியும் போன் இலக்கமும் எழுதி வையுங்கள். கொப்பியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அசலை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காட்சியின் படமும் நெகட்டிவும் ஒரே பெட்டியில் போகக்கூடாது. ஒன்று இந்த மாதம், மற்றது அடுத்த மாதம்.

பெட்டியில் இடம் இருப்பதைக் கண்டதும் யாராவது ஒருவர் கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவார். "சின்னப் பார்சல்தானே, பிள்ளைக்கு விருப்பம்" என்பார். மறுத்துவிடுங்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, எதுவும் வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் இருந்தால் அந்த நாட்டுச் சுங்கம் பெட்டியைப் பிரித்துக் கிளறும், எண்ணெய் கசியும், பூச்சி வரும். அதே றங்குப்பெட்டியில் பனையோலை ஏடு கிடந்தால் அதையும் சேர்க்கவேண்டாம். ஏடுகளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, அதற்குத் தொல்பொருளியல் திணைக்களத்தில் கேட்கவேண்டும்.

எந்த வழியால்

போகிற ஆள் ஒருவர் கையில் கொடுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது, அவர் அதைக் கைப்பையில் வைத்திருப்பார் என்று நிச்சயமாகத் தெரிந்தால். பெரிய சூட்கேசுக்குள் போட்டு ஏற்றுகிறவர் என்றால் தபாலே மேல். கொழும்புவரை பஸ்ஸில் கொண்டுபோகும்போது பெட்டியைக் கீழ் அறையில் போடவிடாதீர்கள். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கொழும்பு சேரும்வரை அது சூட்டிலும் தூசியிலும் கிடக்கும். மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் கட்டினால் இந்தப் பிரச்சினை வராது.

தபாலில் என்றால் ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபால், அல்லது இரண்டு கிலோவுக்குள் அடங்கினால் பதிவுத் தபால். கவுண்டரில் திறந்து காட்டச் சொல்லக்கூடும் என்பதால் பெட்டியின் மேற்பக்கத்தை ஒட்டாமல் கொண்டுபோங்கள். ரேப்பும் கத்தரிக்கோலும் கையில் இருக்கட்டும். சுங்கப் படிவத்தில் ஆங்கிலத்தில் "பழைய குடும்பப் புகைப்படங்கள், தனிப்பட்டவை, விற்பனைக்கல்ல" என்ற பொருளில் எழுதுங்கள். பிலிம் என்று மொட்டையாக எழுதினால் கேள்வி வரும், கழுவிய நெகட்டிவ் என்று தெளிவாக எழுதுங்கள். பெட்டிக்கு வெளியே "பெறுமதியானது" என்று எழுதுவது திருடனுக்கு வழிகாட்டுவது.

தனியார் கொரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண் உண்மையான கிலோவைவிடக் கூடினால் அதற்கே காசு கேட்பார்கள். 40க்கு 30க்கு 30 பெட்டி, உள்ளே மூன்று கிலோ இருந்தாலும், 7.2 கிலோவாகக் கணக்குப் போகும். பெட்டி வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கப்பல் கார்கோவில் படம் அனுப்பவேண்டாம். மலிவுதான். ஆனால் கொள்கலனுக்குள் பகலில் வேகும், இரவில் குளிர்ந்து கூரையில் நீர்த்துளி கட்டிச் சொட்டும், அதுவும் வாரக்கணக்கில்.

வாங்குகிறவருக்குச் சொல்லவேண்டியவை

பெட்டி கிடைத்ததும் ஆசையில் உடனே பிரிப்பார்கள். மாசி மாதத்து ரொறன்ரோவில் வெளியே உறைகுளிரில் கிடந்த பெட்டியைச் சூடான வீட்டுக்குள் திறந்தால் குளிர்ந்த படங்களின்மேல் ஈரம் படியும். ஒருநாள் முழுக்கத் திறக்காமல் வீட்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் திறக்கச் சொல்லுங்கள். வெளிப்பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் திறக்குமுன் படமெடுத்து வைக்கவேண்டும், நட்டஈடு கேட்க அது வேண்டும்.

உள்ளே ஏதாவது நனைந்திருந்தால் பதறிப் பிரிக்காமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படத்தின் முகம் மேலே பார்க்க, உறிஞ்சும் தாளில் வைத்து உலரவிடலாம். பேனா எழுத்தோ கை வர்ணமோ உள்ளவற்றை அலசவேண்டாம். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கும், அதற்குள் நேரமில்லையென்றால் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். கண்ணாடி நெகட்டிவை உறையவைக்கக்கூடாது.

இலக்கங்களைக் கொப்பியின் படத்தோடு ஒத்துப் பார்த்து எல்லாம் வந்துவிட்டதா என்று உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை இரண்டாவது பெட்டியை அனுப்பாதீர்கள். பிறகு எங்கே வைக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். நிலக்கீழ் அறை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கேயும் ஈரம்தான். ஆட்கள் புழங்கும் அறையில், வெளிச்சுவரில் முட்டாத அலுமாரியின் நடுத்தட்டுப் போதும்.